இரண்டு வழி

மேகம் அம்பத்தூரில் இருக்கிறது.
தொழிற்பேட்டையில், ஜன்னலே இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி.
போயிருக்கிறேன். ஷூவுக்கு மேல் உறை மாட்டச் சொன்னார்கள்.
கம்பிக்கூண்டுக்குள், எங்கள் பெயர் ஒட்டிய மஞ்சள் இழை
அவர்கள் பெட்டியின் பதினோராம் துளையில் செருகியிருந்தது.
அவ்வளவுதான்.
அதற்கு ஏழு மாதம்.

மாநகராட்சிக்கு ஒரு கடிதம், மின்வாரியத்துக்கு இரண்டு,
கொருக்குப்பேட்டை கேட்டுக்கு அடியில்
விரல் தடிமன் கேபிள் நுழைய
ரயில்வேக்கு நான்கு.
கேட் திறக்கக் காத்திருப்பதை
இந்தப் பக்கத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாங்கள் திருவொற்றியூரில் கன்டெய்னர் அடுக்குகிறவர்கள்.
எது எந்த வரிசையில், எது சுங்கம் தாண்டியது,
எந்த இறால் பெட்டி மைனஸ் பதினெட்டிலிருந்து நழுவுகிறது
எல்லாம் மாடியறை சர்வரில் இருந்தது,
உப்புக்காற்று அதன் விசிறியைத் தின்னும்வரை.
பிறகு, எல்லாரும் போகும் இன்டர்நெட்டில் போனோம்,
எண்ணூர் சாலையில் டிரெய்லர் போவது மாதிரி.
போகும். எப்போது என்று கேட்கக்கூடாது.

நேர்வழி வந்த அன்று பிங் அடித்தேன்.
மூன்று மில்லிசெகண்ட்.
நம்பாமல் மறுபடி. மூன்று.
கேட்டில் சீட்டு கொடுக்கும் பூங்காவனம்
"தட்றதுக்குள்ள வந்துடுது மேடம்" என்றார்.
அதைவிட நல்ல அறிக்கை நான் எழுதியதில்லை.

ஒன்று அறுந்தால் இன்னொன்று வேண்டுமே என்று
இரண்டு கம்பெனியிடம் இரண்டு வழி வாங்கியிருந்தோம்.
வரைபடத்தில் நீலம் கடலோரமாக,
சிவப்பு மணலியைச் சுற்றிக்கொண்டு.
கையெழுத்துப் போட்டது நான்.

ஐப்பசி, வியாழன் இரவு, ஒன்று நாற்பது.
நீலம் போனது.
சிவப்பு எடுத்துக்கொள்ளும் என்று
திரையைப் பார்த்து ஒரு மூச்சு விடுவதற்குள்
சிவப்பு.

தேரடி தாண்டி, வடிகாலுக்குத் தோண்டிய ஜேசிபி.
ஓட்டிய பையன் பள்ளத்து விளிம்பில் குந்தியிருந்தான்.
யாரும் திட்டுமுன்பே அழுது முடித்திருந்தான்.
இழை ஒட்டுகிற சங்கமித்திரன்
இடுப்பளவு தண்ணீரில் இறங்கி டார்ச் அடித்தார்.
ஒரு குழாய்.
அதற்குள் எங்கள் நீலமும் சிவப்பும்
ஒன்றன் தோளில் ஒன்று கைபோட்டபடி.

"இங்க ரோட்டுக்கடியில ஒரே டக்ட்டுதான் மேடம்.
அதையே வாடகைக்கு எடுத்து
வேற வேற பேர்ல விக்கிறாங்க. தெரியாதா?"

தெரியாது.
எனக்கு மாதம் இரண்டு பில் வந்தது.

குடையை நான் பிடித்தேன்.
மயிரிழைக் கண்ணாடியின் இரண்டு முனைகளைச் சீவி,
எதிரெதிரே வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டார்.
சின்னப் பொறி.
"எது மொதல்ல?" என்று கேட்டிருந்தார்.
நீலம் என்றேன். காரணம் ஒன்றும் இல்லை.

நாலு ஐம்பதுக்கு வெளிச்சம் வந்தது.
எதிர்முனையை எங்கள் தொழிலில் 'நெய்பர்' என்போம்.
பக்கத்துவீடு விழித்துக்கொண்டது என்று திரை சொன்னது.
சுங்கச்சாவடி வரை நின்றிருந்த வரிசை
அதற்கு முன்பே பாதி கரைந்திருந்தது.

பூங்காவனத்தின் மேசையில்
முனை மடங்கிய நாற்பது பக்க நோட்டு.
முப்பத்தொரு டிரெய்லர், பந்து பேனா,
உள்ளே வந்த நேரம், சீல் எண், ஓட்டுநர் கையெழுத்து.
அவர் படிக்கப் படிக்க மேகத்துக்கு ஏற்றினேன்.
ஓரிடத்தில் மழை பட்டு ஓர் எண் கலைந்திருந்தது.
மூன்றா, எட்டா?
கன்டெய்னர் எண்ணின் கடைசி இலக்கம்
மற்றதையெல்லாம் சரிபார்க்கத்தான் இருக்கிறது.
கணக்குப் போட்டோம். எட்டு.

வேறு பாதை கேட்டு
ரயில்வேக்கு ஐந்தாவது கடிதம் எழுத உட்கார்ந்தபோது
அவர் கதவருகே நின்றார்.

"அப்டியே ஒரு புது நோட்டுக்கும் எழுதிடுங்க மேடம்.
இதுல நாலு பக்கம்தான் பாக்கி."